கைராசியும் நழுவிய கண்ணியும்: உல்லன் பின்னலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் என் வீட்டு வராண்டாவில் சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் உல்லன் பையோடு வந்து உட்காருவார்கள். வகுப்பு என்று பெயர், பாதி நேரம் அரட்டைதான். வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பாதி கண்ணி பற்றி, மீதி ராசி பற்றி. இரண்டையும் தனித்தனியாக எழுதப் பார்த்தேன், முடியவில்லை, ஏனென்றால் ஸ்வெட்டர் கெட்டுப்போனதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "எனக்குக் கைராசி இல்ல டீச்சர்" என்பதுதான். அதனால் கேட்டது கேட்டபடியே கீழே இருக்கிறது. கண்ணி என்று நான் சொல்வது ஊசியில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு வளையத்தையும்.

டீச்சர், நிட்டிங், குரோஷா ரெண்டுல எது ஈஸி?

தப்பு செய்து திருத்திக்கொள்ள குரோஷாதான் சுலபம். ஒரே ஒரு கொக்கி ஊசி, பெரும்பாலும் அதில் ஒரே ஒரு கண்ணி, நழுவினாலும் அந்த ஒன்றுதான் நழுவும். நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியில் காத்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒன்று நழுவினால் அது பல வரிசைக்குக் கீழே ஓடிவிடும். ஆனால் உடம்போடு இழுபட்டுத் திரும்பிச் சுருங்கும் ஸ்வெட்டரும் சாக்ஸும் வேண்டுமென்றால் நிட்டிங்தான். எதைக் கற்றாலும் ஒரு குரோஷா ஊசி பையில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

முதல்ல எந்த ஊசி வாங்கணும்? கடையில நம்பர் கேட்டாங்க, முழிச்சேன்.

8ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, நடுத்தரப் பருமனில் வெளிர் நிற நூல் ஒரு உருண்டை. கறுப்பு வேண்டாம், கண்ணியே தெரியாது.

நம்பரில் ஒரு குழப்பம் இருக்கிறது, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க நம்பர் நேர்தலைகீழ், கூடக் கூட ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். யூடியூபில் ஒரு அமெரிக்க அம்மா "எட்டாம் நம்பர்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு நம் ஊர் 8ஐ எடுத்தால், பெரியவருக்குப் போட்ட தொப்பி பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் ஆகும். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

20 கண்ணி போட்டேன் அக்கா, பத்து வரிசையில 27 ஆயிடுச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல.

புதிதாகப் பின்னுகிற எல்லோருக்கும் இது வரும். முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் இழுத்துவிடுகிறீர்கள். அப்படி இழுத்தால் ஓரத்துக் கண்ணி மேலே எழும்பி, அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். இரண்டையும் பின்னுவீர்கள், வரிசைக்கு ஒன்று கூடும். நூலை ஊசிக்கு அடிப்பக்கமாகப் பின்னுக்குக் கொண்டு போங்கள், சரியாகிவிடும்.

நடுவில் கூடினால் வேறு காரணம். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி நிட், முன்னால் வைத்துப் போடுவது பர்ல். பர்ல் போட்டுவிட்டு நிட்டுக்கு மாறும்போது நூலைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் அது ஊசிமேல் குறுக்கே விழுந்து புதுக் கண்ணியாகி, கீழே ஓர் ஓட்டையும் விடும். இல்லையென்றால் ஊசிமுனை நூலைப் பிளந்து பாதி இழையைத் தனிக் கண்ணியாக்கியிருக்கும். வரிசை முடிவில் எண்ணுகிற பழக்கம் ஒரு மாதம் இருந்தால் போதும், அப்புறம் கையே சொல்லிவிடும்.

நடுவுல ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழ ஓடிடுச்சு. மொத்தத்தையும் பிரிச்சுடவா?

பிரிக்காதீர்கள். பதறி இழுக்கவும் வேண்டாம், இழுத்தால்தான் இன்னும் ஓடும். முதலில் ஓடிய கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்துங்கள். நிட் முகம், அதாவது வழுவழுப்பான பக்கம், உங்களைப் பார்க்கும்படி பிடித்து, குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, அதற்கு நேர்மேலே இருக்கும் ஏணிப்படி நூலைக் கொக்கியால் பிடித்துக் கண்ணி வழியாக இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. இப்படியே மேலே வரை ஏறி, கடைசியில் ஊசியில் மாட்டிவிடுங்கள். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், பத்தாவது தடவை ஒரு நிமிடம்.

ஓரமெல்லாம் பாய் மாதிரி சுருண்டுக்குது. அயர்ன் பண்ணா போகுமா?

போகாது. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று பின்னினால் அந்தத் துணியின் சுபாவமே அது, பக்க ஓரங்கள் பின்னாலும் மேல்கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். உங்கள் கையில் குற்றமில்லை. இரண்டு ஓரத்திலும் ஐந்தாறு கண்ணி எல்லா வரிசையிலும் நிட் போட்டு, மேலும் கீழும் சில வரிசை ரிப் (நிட்டும் பர்லும் மாற்றி மாற்றி) போட்டால் அடங்கும். அயர்ன் பற்றிப் பேசியாக வேண்டும், சுருங்கிய ஸ்வெட்டர் கேள்வியில் வருகிறேன்.

சாம்பிள் பின்னியே ஆகணுமா? நேரா ஸ்வெட்டரை ஆரம்பிச்சா என்ன?

என்ன ஆகும் என்று கணக்கே சொல்லும். நூல் சுற்றியிருக்கும் லேபிளில் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணி, 30 வரிசை என்ற மாதிரி போட்டிருப்பார்கள். மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வேண்டுமென்று 220 கண்ணி போடுகிறீர்கள். உங்கள் கை கொஞ்சம் தளர்ந்த கை, 10 சென்டிமீட்டருக்கு 20தான் விழுகிறது என்றால் ஸ்வெட்டர் 110 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். வித்தியாசம் என்னவோ இரண்டே கண்ணிதான், ஆனால் உள்ளே இன்னொரு குழந்தையை வைத்துக்கொள்ளலாம்.

அதனால் 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒன்று பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரை எண்ணுங்கள். துவைக்காமல் அளந்து ஏமாந்தவர்கள் என் வராண்டாவில் மட்டும் நாலு பேர். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் துண்டு காய மூன்று நாள் ஆகும்தான். ஸ்வெட்டரைப் பிரிக்க அதைவிட நாளாகும்.

உங்ககிட்ட ஒரு ராசியான ஊசி இருக்காமே, உண்மையா?

இருக்கிறது, அந்தக் கதையைச் சொல்லாமல் மீதிக் கேள்விகளுக்குப் போக முடியாது. என் பெரியம்மா கொடுத்த அலுமினிய ஊசி ஜோடி, ஒன்றின் முனை லேசாக வளைந்திருக்கும், தலையில் இருந்த நம்பர் தேய்ந்தே போய்விட்டது. பெரியம்மா "பத்தாம் நம்பர்" என்று சொல்லிக் கொடுத்தார். அதில் பின்னிய எதுவும் அளவு தப்பியதில்லை, சின்னக் குழந்தையிலிருந்து மாமனார் வரை. வேறு ஊசி எடுத்தால் ஏதாவது கோணல் வரும். பன்னிரண்டு வருடம் அதை ராசி ஊசி என்றே நம்பி, சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு வைத்துப் பொட்டு வைத்தேன்.

ஒரு தடவை வீடு மாற்றும்போது அது தொலைந்தது. புது 10ஆம் நம்பர் வாங்கிப் பின்னினேன், ஸ்வெட்டர் இறுக்கிப் பிடித்தது. இன்னொன்று, அதுவும் இறுக்கம். ராசி போய்விட்டது என்று உண்மையிலேயே அழுதேன், ஆறு மாதம் ஊசியைத் தொடவில்லை. அப்புறம் சோபா உறை மாற்றும்போது இடுக்கில் கிடைத்தது. அதற்குள் ஊசி அளக்கும் ஓட்டைத் தகடு ஒன்று வாங்கியிருந்தேன், சும்மா விட்டுப் பார்த்தால் 3.25 ஓட்டையில் நுழையவே இல்லை. 3.75இல் நுழைந்தது. ராசி ஊசி பத்தே இல்லை, ஒன்பது. என் கை இறுக்கமான கை, அந்த இறுக்கத்துக்கு ஒரு நம்பர் பெரிய ஊசிதான் பொருந்தியிருக்கிறது. அதில் 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணி விழும், உண்மையான பத்தில் 26. முன்பக்கம் 108 கண்ணி போட்டால் ஒன்பதில் 45 சென்டிமீட்டர், பத்தில் நாற்பத்தொன்றரை. முன்னும் பின்னும் சேர்த்து 7 சென்டிமீட்டர், அதுதான் அந்த இறுக்கம். ஒரு சாம்பிள் பின்னியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சாம்பிள் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று இப்போது புரியும்.

ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்று கேட்பார்கள். இல்லை, இன்னும் அதில்தான் பின்னுகிறேன், இன்னும் பொட்டும் வைக்கிறேன்.

பேத்திக்கு ஒரு வயசு, ஸ்வெட்டர் உடம்புக்குச் சரியா இருக்கு, தலை மட்டும் நுழையல!

குழந்தைகளின் தலை நாம் நினைப்பதைவிடப் பெரிது. பிறந்த குழந்தைக்கே தலைச்சுற்று சுமார் 34 சென்டிமீட்டர், ஒரு வயதில் 45, 46 ஆகிவிடும், மார்புச் சுற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். கழுத்துப் பட்டி அந்த அளவுக்கு இழுபட வேண்டும். பெரும்பாலும் பட்டி சரியாகவே இருக்கும், கடைசியில் கண்ணி மூடும் வரிசைதான் கயிறு மாதிரி இறுகியிருக்கும். அந்த ஒரு வரிசையைப் பிரித்து, பத்தில் பின்னியிருந்தால் ஏழாம் நம்பர் ஊசியால் தளர மூடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு தோளைத் திறந்து இரண்டு பட்டன் வையுங்கள், குழந்தையும் அழாது.

பாதிக்கு மேல கலர் லேசா மாறிடுச்சு. கடைக்காரர் அதே நம்பர்தான் கொடுத்தார்.

நிற எண் ஒன்றாக இருந்திருக்கும், லாட் எண் வேறாக இருந்திருக்கும். ஒரே நிறத்தை வேறு வேறு தடவை சாயம் போடும்போது ஒரு மயிரிழை மாறும், கடை விளக்கில் தெரியாது, வெயிலில் பட்டை கட்டிக் காட்டும். தேவையானதைவிட ஒரு உருண்டை கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்குங்கள், லேபிளைத் தூக்கி எறியாதீர்கள். வேறு லாட்தான் கிடைத்தது என்றால் இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று ஒரு பத்து சென்டிமீட்டருக்கு மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை கரைந்துவிடும்.

மெஷின்ல போட்டேன், பொம்மைக்குப் போடற அளவுக்குச் சுருங்கிடுச்சு. இழுத்துப் பெருசாக்க முடியுமா?

முடியாது, மன்னிக்கவும். கம்பளி ஆட்டு மயிர், அதன்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உரசல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும், திரும்ப அவிழாது. வெட்டினாலும் பிரியாது என்பதால் பர்ஸ், டீ கெட்டில் உறை தைக்கலாம். இனிமேல் குளிர்ந்த தண்ணீர், பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்குதல், தட்டையாக விரித்துக் காயவைத்தல், அவ்வளவுதான்.

நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது மெஷினில் சுருங்காது, ஆனால் அயர்ன் பெட்டி பட்டால் செத்துவிடும். உயிர் போய், பளபளவென்று தொங்கும், திரும்ப எழாது. ஓரம் சுருள்கிறது என்று அயர்ன் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். எது எந்த நூல் என்று தெரியவில்லையா, ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி பொசுங்கும் வாசனையோடு பொடியாகும் சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும்.

செவ்வாய்க்கிழமை கண்ணி போடலாமா? விளக்கு வெச்சப்புறம் ஊசி தொடக்கூடாதுங்கறாங்களே?

உங்கள் வீட்டில் செவ்வாய் ஆகாது என்றால் புதன்கிழமை போடுங்கள். ஒரு நாளில் ஒன்றும் குடி முழுகாது, மனசு உறுத்தலோடு பின்னினால்தான் கை இறுகும், கை இறுகினால் அளவு மாறும், அதைச் சாம்பிள் கேள்வியில் பார்த்தோம். நானே பேட்டர்ன் தாளில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் கணக்கு எழுதுவேன்.

விளக்கு வைத்த பிறகு ஊசியை இரவல் தரக்கூடாது என்பது எங்கள் பாட்டி வீட்டிலும் உண்டு, பழைய கடைக்காரர்கள் ஊசியை விற்கவே மாட்டார்கள். மங்கின வெளிச்சத்தில் தையல் ஊசி கீழே விழுந்தால் யார் காலிலாவது ஏறும் என்ற பயமாகத்தான் இருக்கும் என்று என் அனுமானம். நிட்டிங் ஊசி அப்படித் தொலையாது. ஆனால் ராத்திரியில் கருநீலம், கறுப்பு பின்னினால் மறுநாள் பகலில் அழுவது உறுதி. பின்னியே ஆக வேண்டுமென்றால் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், கண்ணியின் இடைவெளி தெரியும்.

பையில ராசிக்கு என்ன வெச்சுக்கலாம்? நான் குன்றிமணி வெச்சிருக்கேன்.

அதை உடனே எடுங்கள். குன்றிமணி பார்க்க அழகு, அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் எடை போடவே அதை வைத்திருந்தார்கள், ஆனால் உள்ளே இருப்பது அப்ரின் என்ற கொடிய விஷம். முழு விதையின் ஓடு கெட்டி, கடித்தாலோ துளை போட்டுக் கோத்தாலோதான் ஆபத்து அதிகம், ஆனால் உல்லன் பை எப்போதும் கிடப்பது குழந்தை தவழும் இடத்தில்தானே.

மற்றபடி என் வகுப்பில் கண்டவை: குங்குமப் பொட்டலம் (அவிழ்ந்து வெள்ளை நூல் முழுக்க ரோஜா நிறம்), எலுமிச்சம்பழம் (ஒரு வாரத்தில் பூஞ்சை, உல்லனிலும் பூஞ்சை), கொலுசு மணி (கொக்கி நூலை இழுத்துவிட்டது), முதல் ஸ்வெட்டரில் மிஞ்சிய நூலைச் சுற்றிய சின்ன உருண்டை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. கறையில்லை, கூர்மையில்லை, அவசரத்துக்குக் கண்ணி அடையாளம் கட்டவும் ஆகும்.

ராசிப் பொருள் கையில இருந்தா நிஜமாவே நல்லா வருமா, இல்ல மனப்பிராந்தியா?

ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். கோல்ஃப் பந்தைக் கொடுக்கும்போது சிலரிடம் "இது ராசியான பந்து" என்று சொல்லிக் கொடுத்தார்கள், சிலரிடம் சொல்லவில்லை. பத்து அடியில் ராசிப் பந்துக்காரர்கள் சராசரியாக ஆறுக்கு மேல் குழியில் போட்டார்கள், மற்றவர்கள் ஐந்துகூட இல்லை. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் சோதித்தது முப்பது பேரைக்கூட அல்ல. 2014இல் அமெரிக்காவில் அதிக ஆட்களை வைத்து அதையே திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை.

என் கணிப்பு இது: ராசிப் பொருள் கண்ணியைச் சரியாக விழவைக்காது, ஆனால் சில பேரைத் திரும்பவும் உட்காரவைக்கும். ஊசி தொலைந்தபோது நான் ஆறு மாதம் சும்மா இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை, தொலைந்தால் நின்றுவிடுகிற அளவுக்கு அதில் தொங்கினால்தான் நஷ்டம். அப்படி ஆளா நீங்கள் என்றால் ராசிப் பொருளை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், கிண்டல் இல்லை.

ரொம்பக் கச்சிதமா இருந்தா கண்ணு படும், வேணும்னே ஒரு தப்பு விடணும்னு மாமியார் சொல்றாங்க.

உங்கள் மாமியார் தனியாக இல்லை. அமெரிக்கப் பழங்குடியான நவஹோ நெசவுக்காரப் பெண்கள் கம்பளத்தின் ஓரக்கட்டை வெட்டிக்கொண்டு வெளியே போகும்படி வேறு நிற இழை ஒன்றை விடுவதுண்டு, நெய்தவளின் மனசு உள்ளே அடைபடாமல் வெளியேற வழி என்பார்கள். நம் ஊரில் கட்டுகிற வீட்டின் முன் திருஷ்டிப் பொம்மை, குழந்தை கன்னத்தில் கறுப்புப் பொட்டு. என் பெரியம்மா ஒவ்வொரு குழந்தை ஸ்வெட்டரிலும் இடது அக்குளுக்குக் கீழே ஒரே ஒரு கண்ணி கறுப்பு நூலில் போடுவார். திருஷ்டிப் பொட்டு. நானும் போடுகிறேன், பின்னி முடித்தபின் ஊசியால் அந்தக் கண்ணியின் மேலேயே கறுப்பு இழையை ஓட்டினால் போதும்.

வேண்டுமென்றே தப்பு விடுவது மட்டும் வேண்டாம். தானாக வந்ததே நிறைய இருக்கும், நான் தேடிக் காட்டுகிறேன். 1904இல் மேடையேறிய ஓர் ஐரிஷ் நாடகத்தில் கடலில் செத்தவனின் காலுறையைத் தங்கை அடையாளம் காண்பது அதில் அவள் விட்ட நாலு கண்ணியை வைத்துத்தான். தப்பும் கையெழுத்து மாதிரிதான், போலியாகப் போட முடியாது.

கல்யாணத்துக்கு முன்னாடி அவனுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தா பிரிஞ்சுடுவோமாம், மெய்யா?

மேல்நாட்டில் பின்னுகிறவர்களிடையே இது பெரிய நம்பிக்கை, நம்மூரில் கைக்குட்டை பரிசு கொடுத்தால் பிரிவு என்பது போல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 220 கண்ணி, 180 வரிசை, உடல் பகுதி மட்டும் 39,600 கண்ணி. நிமிடத்துக்கு 20 போட்டால் 33 மணி நேரம். கை, கழுத்து, பிரித்துப் பின்னியது எல்லாம் சேர்த்தால் ஒரு வேலை செய்யும் பெண்ணுக்கு நாலைந்து மாதம். பல காதல்களுக்கு ஆயுசு அவ்வளவுதான். போதாததற்கு, அவ்வளவு உழைத்துக் கொடுத்ததை அவன் "ம், நல்லா இருக்கு" என்று மடித்து அலமாரியில் வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? முதலில் ஒரு தொப்பி பின்னிக் கொடுங்கள், அதை அவன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்று பார்த்துவிட்டு ஸ்வெட்டருக்கு வாருங்கள்.

வட்டமா பின்னினேன், பத்து வரிசை போனப்புறம் பார்த்தா முறுக்கிக்கிட்டு எட்டு மாதிரி நிக்குது.

வட்ட ஊசியில் கண்ணி போட்டு இணைக்கும்போது கீழ் ஓரம் ஓர் இடத்தில் ஊசியைச் சுற்றித் திரும்பியிருக்கிறது. பத்து வரிசைக்குப் பிறகு இதற்கு மருந்தில்லை, பிரிக்க வேண்டியதுதான். மஃப்ளராக இருந்தால் அப்படியே பின்னி, வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், நன்றாகவே இருக்கும். முதல் வரிசை முடிவிலேயே பார்த்துவிட்டால் மட்டும் இணைப்பு நூலில் ஒரு திருப்புத் திருப்பிச் சரி செய்யலாம். அடுத்த தடவை முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னிவிட்டு அப்புறம் இணையுங்கள், முறுக்கு கண்ணுக்குத் தெரியும். கீழே இருக்கும் சின்ன வெட்டைக் கடைசியில் தைத்துவிடலாம்.

பிரிக்கணும்னாலே பயமா இருக்கு. எங்க நிக்கும்னே தெரியாதே?

அதற்குத்தான் காப்பு நூல். இங்கிலீஷில் லைஃப்லைன் என்பார்கள், எனக்குத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதுதான் ஞாபகம் வரும், வகுப்பில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எண்ணிச் சரிபார்த்த ஒரு வரிசையில், மொட்டை முனை ஊசியில் வேறு நிற வழுவழு நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி, இரண்டு பக்கமும் ஒரு சாண் தொங்கவிடுங்கள். அப்புறம் வழக்கம்போல் பின்னுங்கள். மேலே என்ன தப்பு நடந்தாலும் ஊசியை உருவி மடமடவென்று பிரிக்கலாம், அந்த வரிசைக்கு வந்ததும் கண்ணிகள் நூலில் மாட்டிக்கொண்டு நிற்கும். 20 வரிசைக்கு ஒரு முறை மாற்றுங்கள். கண்ணி அடையாள வளையங்களுக்குள் மட்டும் நூலை விட்டுவிடாதீர்கள், வளையம் சிக்கிக்கொள்ளும்.

காப்பு நூல் இல்லாமல் பிரிக்க நேர்ந்தால், நிறுத்த வேண்டிய வரிசைக்கு ஒரு வரிசை முன்பே வேகத்தைக் குறைத்து, மெலிந்த ஊசியால் கண்ணி கண்ணியாக எடுங்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். சிட்டமாகச் சுற்றி நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும், நேராக்காமல் பின்னினால் துணி மேடு பள்ளமாக வரும்.

பாட்டி பாதியில விட்டுட்டுப் போன ஸ்வெட்டர் இருக்கு. அதை முடிக்கறது ராசியில்லைன்னு சித்தி சொல்றாங்க.

இந்தக் கேள்வி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூன்று பேரும் பையைத் திறக்காமலே கேட்டார்கள். ராசி பற்றி உங்கள் சித்தியோடு சண்டை போட நான் வரமாட்டேன். முதலில் பையை வெயிலில் வைத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள், சின்ன அந்துப் புழு அசல் கம்பளியை விட்டுவைக்காது. லேபிள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

உண்மையான சிக்கல் கை. பாட்டியின் கை இறுக்கம் வேறு, உங்கள் கை இறுக்கம் வேறு, அவர் நிறுத்திய இடத்தில் அப்படியே தொடர்ந்தால் ஒரு கோடு விழும். அவர் பின்னியதில் 10 சென்டிமீட்டரை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அதே நூலில் நீங்கள் ஒரு சாம்பிள் பின்னி, எந்த ஊசியில் அந்த எண் வருகிறதோ அதை எடுங்கள், பாட்டியின் ஊசியிலேயே வர வேண்டும் என்று அவசியமில்லை. அவர் முடித்த கடைசி வரிசையில் ஒரு காப்பு நூலை ஓட்டுங்கள். அப்படியும் கோடு தெரிகிறதென்றால் முன்பக்கத்தை அவர் விட்ட இடத்தில் ரிப்பாக மாற்றிவிட்டு, கைகள் இரண்டையும் முழுக்க நீங்கள் பின்னுங்கள். ஒருத்தி அப்படித்தான் முடித்தாள், உடம்பு பாட்டியுடையது, கைகள் இவளுடையது. அந்தக் காப்பு நூலை மட்டும் உருவ மனசு வரவில்லை என்று உள்பக்கம் முடிச்சுப் போட்டு அப்படியே விட்டிருக்கிறாள், சிவப்பு நூல், ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.